கிள்ளானுக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹிப் ஹாப் கேட்டு வளர்ந்த கதையைப் போன இதழில் அந்த நடிகர் எழுதியிருந்தாரே, ஒரே மூச்சில் படித்தேன். பேட்டரி தீரத் தீர வாக்மேனில் பாடுகிறவன் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல இழுக்கும் என்று எழுதிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அந்த வரி வந்தது. 1994-இல் 'பேட்டை ராப்' வந்ததாம், அதற்குப் பிறகு யூடியூப் காலம்வரை தமிழில் ராப் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாதாம்.

1973 ஆகஸ்டில் நியூயார்க் பிராங்ஸில், ஹிப் ஹாப்பைத் தொடங்கிவைத்த டிஜே கூல் ஹெர்க் ரெக்கார்டு சுழற்றிய அடுக்குமாடிக்குக் அவருக்குக் கதவு எண்ணே எழுதத் தெரிகிறது. சென்னையில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் வந்துவிடும் எங்கள் மலேசியா மட்டும் கண்ணில் படவில்லை. அவர் நடிகர், ஆயிரம் வேலை இருக்கும், விடுங்கள். உங்களுக்குமா தெரியாது? 2007 தீபாவளிக்கு வந்த 'பொல்லாதவன்' படத்தில் எஸ்.பி.பி.யோடு ராப் பாடிய யோகி பி எந்த ஊர்க்காரர் என்று உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே!

யோகி பி இருந்த எங்கள் ஊர் ராப் குழு பொயட்டிக் அம்மோவின் முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. எனக்கு அப்போது 13 வயது. அண்ணன் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேசட் வாங்கி வந்தான். அவன் ஓடவிட்டு நிறுத்துவான், காதில் விழுந்ததை நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன், புரியவில்லை என்றால் மறுபடி பின்னால் ஓட்டு. இப்படியே அமுக்கி அமுக்கி ரிவைண்ட் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, அதன்பிறகு பேனாவை விட்டுத்தான் சுற்றினோம். அவர்கள் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் நடுவே தமிழையும் கூச்சமில்லாமல் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளியில் தமிழ் பேசவே தயங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியுமா, தெரியவில்லை.

மறு வருடம் தமிழ்மொழிக் கழகப் போட்டியில் நானே எழுதிய 12 வரியோடு மேடை ஏறினேன். மூன்றாவது வரியிலேயே ஆசிரியை மைக்கை அணைத்துவிட்டார். பொம்பளைப் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதெல்லாம் ஒரு பாட்டா என்று சபையிலேயே கேட்டார். அதோடு நான் எழுதுவதை விட்டேன். அதே ஆசிரியை, அண்ணன் கல்யாண விருந்தில் 'மடை திறந்து' போட்டபோது மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். 'நிழல்கள்' படத்து ராஜா பாட்டு இல்லை, அதை எடுத்து யோகி பி-யும் அவர் குழு நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் செய்தது. அவருக்கு நெய்ச்சோறு பரிமாறியது நான்தான். ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் கறி வைத்துவிட்டு வந்தேன்.

பட்டியல் போட ஆரம்பித்தால் எனக்குக் கை வலிக்கும். அயலகத் தமிழர் சிறப்பிதழ் போடுகிறீர்கள், மலேசியாவுக்கு ஒரு பக்கம், அதில் பாதி பத்துமலை முருகன் படம். முருகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேயும் மனிதர்கள் இருக்கிறோம். சினிமாவில் நாங்கள் வந்தால் துப்பாக்கியோடு வருகிறோம், இல்லையென்றால் ஹீரோ டூயட் பாடும்போது பின்னால் இரட்டைக் கோபுரமாக நிற்கிறோம். எங்கள் தமிழில் மலாய் கலந்துவிட்டது என்று நீங்கள் கேலித் துணுக்கு போட்டதையும் நான் மறக்கவில்லை. 'சூப்பர்', 'செம மாஸ்' எல்லாம் தொல்காப்பியத்தில் இருக்கிறதா?

நான் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்குப் பின்சீட்டில் பையன்கள் ராப் போடச் சொல்லித்தான் ஏறுகிறார்கள். அந்தக் கட்டுரையை அவர்களிடம் காட்டலாம் என்றுதான் டாஷ்போர்டில் வைத்திருந்தேன். பிறகு எடுத்து உள்ளே போட்டுவிட்டேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். ஈப்போ, கோலாலம்பூர், கிள்ளான் என்று ஊர்ப் பெயர்களையாவது எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள். அப்புறம், வருடச் சந்தா கட்டியும் மார்ச் இதழ் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
18 வருட வாசகி,
கிள்ளான், மலேசியா