தபாலில் அனுப்ப முடியாத முத்திரை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய தபால்தலை ஆல்பங்களைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, நாடுவாரியாக மறுபடியும் அடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. கை சும்மா இருந்தால் உனக்கு உடம்புக்கு ஆகாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. என் மகள் உனக்கு அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் காகித வெட்டு முத்திரைகளில் நாலைந்தை வாங்கி அனுப்பும்படியும், என்ன விலையானாலும் பணம் அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் மிச்சத்தையும் படி. கடைசியில் உனக்கு ஒரு வழியும் சொல்கிறேன்.

நீ படத்தில் பார்த்தவற்றுக்கு இங்கே ஜப்பானில் கோஷுயின் என்று பெயர். இந்நாட்டின் சொந்தச் சமயமான ஷிந்தோவின் கோயிலுக்கோ பௌத்தக் கோயிலுக்கோ போய் வணங்கியவர், அங்குள்ள அலுவலகச் சாளரத்தில் சிறு காணிக்கை செலுத்திப் பெற்றுக்கொள்ளும் செந்நிற முத்திரையும் தூரிகை எழுத்தும் சேர்ந்ததுதான் அது. சூத்திரங்கள் எனப்படும் பௌத்த மறைநூல்களைத் தம் கையால் படியெடுத்துக் கோயிலில் சமர்ப்பித்தவர்களுக்கு, அதைப் பெற்றுக்கொண்டோம் என்று கோயில் கொடுத்த ஒப்புகைச் சீட்டிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. ஜப்பானின் அறுபத்தாறு மாநிலங்களையும் சுற்றி, மாநிலத்துக்கு ஒரு கோயில் வீதம் தாமரைச் சூத்திரத்தின் பிரதியைச் செலுத்திய யாத்திரிகர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். காலப்போக்கில் சூத்திரம் எழுதிக் கொடுக்கும் கட்டாயம் போய், வணங்கினாலே போதும் என்றானது. சீட்டு மட்டும் நிலைத்துவிட்டது. நம் ஊரில் அர்ச்சனைச் சீட்டை வெளியே வரும்போதே கசக்கி எறிந்துவிடுகிறோம். அதையே ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடந்திருக்கிறது.

இதற்கென்றே விசிறி மடிப்பாக மடித்த கனத்த கையேடு உண்டு. வலது மேற்புறத்தில் ‘பணிந்து வணங்கினேன்’ என்ற பொருளில் இரண்டு எழுத்துகள், நடுவில் பெரிதாக மூலவரின் பெயரோ சன்னிதியின் பெயரோ, ஓரத்தில் அன்றைய தேதி, இவற்றின் மேல் சிவப்பு முத்திரைகள் என்பது பொதுவான அமைப்பு. பௌத்தக் கோயில்களில் நடு முத்திரைக்குள் பல வேளை, சமஸ்கிருத மந்திரங்களை எழுதும் சித்தம் லிபியில் ஒரு பீஜாட்சரம் இருக்கும். அமிதாப புத்தருக்கு உரியது ‘ஹ்ரீஹ்’. இங்குள்ளவர்கள் அதைக் ‘கிரீக்’ என்று வாசிக்கிறார்கள். சீனாவில் பயின்று 806இல் திரும்பிய கூகாய் துறவியின் காலத்தையொட்டி இந்த லிபி இங்கே வேரூன்றியது. அதற்கும் நம் தமிழெழுத்துக்கும் மூலம் பிராமிதான் என்பதை உன்னைப் போன்ற எழுத்துப் பித்தனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மை காய்வதற்குள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடாமலிருக்க, எழுதியவர் ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்துத்தான் கையேட்டைத் திருப்பித் தருவார்.

இனி நீ ஆசைப்பட்ட கிரியே, அதாவது காகித வெட்டு வகைக்கு வருகிறேன். இது அண்மைக் காலத்து வரவு. கையேட்டில் நேரடியாக எழுதாமல், முன்கூட்டியே தயாரித்த தனித்தாளாகக் கொடுப்பார்கள். என் மேசை மேல் இப்போது ஒன்று இருக்கிறது. பெரிய பெயர் இல்லாத ஒரு சிறிய கோயிலில், மழைக்காலத்து ஹைட்ரேஞ்சியா பூக்களுக்காக வெளியிட்டது. கையேட்டின் இரண்டு பக்கங்களை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். வாஷி என்ற ஜப்பானிய மரபுத் தாளில், வெள்ளை நிறத்தில், பூங்கொத்துகளும் மழைத்தாரைகளும் இலையின் மேல் ஒரு நத்தையும் வெட்டப்பட்டிருக்கின்றன; பின்னால் கருநீலத் தாளை வைத்தால்தான் உருவம் துலங்குகிறது. மழைத்தாரைகள் நூல் கனம்கூட இல்லை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழை ஏதோ ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். காகித வெட்டின் கணக்கே அதுதான். சுற்றிலும் வெட்டுப்பட்ட பகுதி கீழே விழுந்துவிடும் என்பதால், எந்தக் கோடும் எங்காவது ஒரு பாலத்தின் வழியாகச் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். இந்தப் பாலங்கள் கண்ணில் படாமல் இலைநரம்பாகவோ மழைக்கோடாகவோ ஒளிந்துகொள்ளும்படி வரைவதில்தான் ஓவியரின் சாமர்த்தியம் இருக்கிறது.

தாளைத் திருப்பிப் பார்த்தால் வெட்டின் ஓரங்களில் இலேசான பழுப்பு தெரியும். அது லேசர் கதிர் சுட்ட தடம். ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய தாள்களைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருக்க எந்தக் கோயிலிலும் ஆளில்லை. ஆகவே ஓவியத்தை வரையச் செய்து, அச்சகத்தில் லேசர் கருவியைக் கொண்டு வெட்டி வாங்குகிறார்கள். இதைச் சொன்னதும், ‘இயந்திரம் வெட்டியதில் என்ன பக்தி இருக்கிறது’ என்று நீ கேட்பாய். இங்கேயும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பெரிதாகப் படவில்லை. அச்சுக்கட்டையும் ஒரு கருவிதான்; அதைக் கோயில்கள் பல நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

காகிதத்தை வெட்டுவது இந்த நாட்டு வழிபாட்டுக்குப் புதிதும் அல்ல. கூகாய் துறவி மடம் நிறுவிய கோயா மலையில், மற்ற ஊர்களைப் போல வைக்கோல் கயிற்றைத் தோரணமாகக் கட்டாமல், ‘ஹோராய்’ என்ற வெள்ளைக் காகித வெட்டை மாட்டியிருப்பார்கள். குளிர்ந்த மலையில் நெல் விளையாததால் வைக்கோலுக்குப் பஞ்சம், அதனால் காகிதம் வந்தது என்பது அங்கே சொல்லும் காரணம். புத்தாண்டுக்கு முன் புதியதை மாட்டினால் அடுத்த ஆண்டு முடிவு வரை அது அப்படியே இருக்கும். வடகிழக்கே மியாகி மாவட்டத்து மினாமிசன்ரிகுவிலும், வீட்டுப் பூசை மாடத்துக்கு ஷிந்தோ பூசாரிகளே தாளை வெட்டித் தரும் வழக்கம் இருக்கிறது. பக்திக்கு வெளியே பார்த்தால் இசே கத்தாகாமி இருக்கிறது. அது கிமோனோத் துணிக்குச் சாயமிடுவதற்காக, பச்சைப் பெர்சிமன் பழச்சாறு ஊட்டிய வாஷித் தாளில் வெட்டும் படிமத்தாள். அவற்றில் மிக நுண்ணிய கோடுகள் நகர்ந்துவிடாமலிருக்கப் பட்டு நூலை இடையே கோத்து நிறுத்தும் ஒரு முறை உண்டு. நான் சற்றுமுன் சொன்ன பாலத்தின் வேலையை அங்கே பட்டு நூல் செய்கிறது.

ஆகவே வெட்டுமுறையில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு. சாதாரண முத்திரைக்கு 300 யென் என்றிருந்த காணிக்கை இப்போது பல இடங்களில் 500 ஆகியிருக்கிறது. யாத்திரிகர்கள் வரிசையாகச் சுற்றி வணங்கும் ஷிகோகு தீவின் 88 கோயில்களும் 2024 ஏப்ரலில் அப்படித்தான் உயர்த்தின. காகித வெட்டுக்கு 1,000 யென், 1,500 யென் என்று போகிறது, அதற்கு மேலும் உண்டு. அது போகட்டும், குறைந்துவரும் பரம்பரைக் குடும்பங்களின் ஆதரவை நம்பிக் கூரையைப் பழுதுபார்க்க முடியாத சிறிய கோயில்களுக்கு இது நேர்மையான வருமானம் என்றே நினைக்கிறேன். ஆனால் மாதத்துக்கு ஒரு வடிவம், திருவிழாவுக்கு ஒரு வடிவம், ‘இத்தனை தாள் மட்டும்’ என்ற அறிவிப்பு எல்லாம் சேர்ந்து, சன்னிதிப் பக்கமே திரும்பாமல் நேராகச் சாளரத்துக்கு ஓடும் ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கின்றன. 2019 மே 1 அன்று புதிய பேரரசரின் ரெய்வா சகாப்தம் பிறந்தபோது, அந்த முதல் நாள் தேதிக்காகத் தோக்கியோவின் மெய்ஜி கோயிலில் மக்கள் பல மணி நேரம் வரிசையில் நின்றார்கள். வாங்கிய தாள்களை இணையச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். அரிதான தபால்தலைக்கு நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டைகளை நினைத்தால் அவர்களைத் திட்டவும் எனக்கு முழு உரிமையில்லைதான், இருந்தாலும் திட்டுகிறேன்.

இந்தப் போட்டியைப் பார்த்துச் சலித்தால் எனக்கு நினைவு வருவது இசே பெருங்கோயில். நாட்டிலேயே மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றப்படும் அந்தக் கோயில் தரும் பக்கத்தில் ஒரு சிவப்பு முத்திரையும் தேதியும் மட்டுமே இருக்கும். தெய்வத்தின் பெயர்கூட எழுதப்பட்டிருக்காது. ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவினரோ பொதுவாக கோஷுயினே கொடுப்பதில்லை. கியோத்தோவில் நிஷி ஹோங்கான்ஜி போன்ற மாபெரும் ஆலயத்துக்குப் போய்க் கையேட்டை நீட்டினால், பணிவோடு மறுத்துவிடுவார்கள். புண்ணியத்தைச் சேர்த்துக் கணக்கு வைப்பது அவர்களுடைய நம்பிக்கைக்கு ஒவ்வாது. ஷிகோகு யாத்திரிகர்களிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. சுமார் 1,200 கிலோமீட்டர் கொண்ட அந்தச் சுற்றை இரண்டாம் முறை முடிப்பவர் புதுக் கையேடு வாங்காமல், பழைய பக்கத்திலேயே முத்திரையின் மேல் முத்திரையாகப் பதித்துக்கொள்கிறார். பல முறை சுற்றியவரின் கையேட்டைப் பார்த்திருக்கிறேன். எழுத்தே தெரியாமல் பக்கம் முழுவதும் சிவந்து கிடக்கும். சேகரிப்பவன் கண்ணுக்கு அது பாழாய்ப்போன தாள். அவருக்கோ இறந்த பின் தம் சவப்பெட்டியில் உடன் வைக்க வேண்டிய சொத்து.

எனவே எனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். காகித வெட்டாக இருந்தாலும், நான் சாளரத்தின் முன் நிற்கும்போதே தேதியை மையால் எழுதித் தருகிறார்கள் என்றால் மட்டுமே வாங்குகிறேன். அந்த ஹைட்ரேஞ்சியா தாளில் படமெல்லாம் இயந்திரம் செய்ததுதான்; இடது ஓரத்தில் விட்டிருந்த வெற்றிடத்தில் மட்டும், கையில் மூட்டுவலிப் பட்டையோடு இருந்த வயதான ஒரு அம்மையார் மெதுவாகத் தேதியை எழுதினார். கடைசி எழுத்தில் மை சற்று ஊறிப் படர்ந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார், எனக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் சில கோயில்கள் தபாலிலேயே அனுப்பத் தொடங்கின. வர இயலாதவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு என்பதால் அதை நான் பழிக்கவில்லை. ஆனாலும் நீ போகாத கோயிலின் முத்திரையை, நீ வணங்காத ஒரு நாளின் தேதியோடு, மக்காவ் தபால்தலைக்கும் மலாயா தபால்தலைக்கும் நடுவில் செருகி வைக்க நான் துணைபோக மாட்டேன்.

சொன்ன வழி இதுதான். எடோ காலத்தில் (1603–1868) இசேக்குப் போக எல்லோராலும் முடியவில்லை. ஊரார் சங்கம் வைத்துப் பணம் சேர்த்து, தங்கள் சார்பாகச் சிலரை அனுப்பினார்கள். போனவர் எல்லோருக்காகவும் வணங்கித் திரும்பினார். பிறருக்காகப் போய் வணங்குவதை இந்த ஊர் இன்றும் ஏற்றுக்கொள்கிறது. கியோத்தோ மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த உஜிதவாராவில் ஷோஜுயின் என்ற சிறிய கோயில் இருக்கிறது. பருவத்துக்குத் தக்கபடி காகித வெட்டு முத்திரை தருகிறார்கள். தீமையை விலக்குவது என்று நம்பப்படும் காட்டுப்பன்றிக் கண் வடிவச் சாளரம் ஒன்று அங்கே உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை இதய வடிவம் என்று எண்ணிப் படமெடுக்க வருகிறார்கள். கோடையில் வளாகமெங்கும் 2,000க்கும் மேற்பட்ட காற்று மணிகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தச் சமயத்தில் உனக்காக நான் போகிறேன். உன் முழங்கால் அறுவைக்காகவா, சின்னவளின் வரன் விஷயமாகவா, வேறு எதற்காகவா என்று எழுது. அங்கே அதைச் சொல்லித்தான் வணங்க வேண்டும். காணிக்கைப் பணத்தை மட்டும் உன் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டாக வேண்டும், அதில் எனக்குச் சலுகை காட்டாதே. கடிதம் வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாளாகிறது. ஆகவே ஜூன் மாதத்துக்குள் பதில் போட்டுவிடு. தாள் மடிந்துவிடாமல் வர அட்டை வைத்துத்தான் அனுப்புவேன், உன் ஊர்த் தபால்காரரிடம் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வை.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்
இராசேந்திரன்
ஒசாகா