ஆறு வாரம் பாரம் தாங்கியவர்களுக்கு எங்கள் நன்றி

கோத்தகிரியிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) இருக்கும் அன்பு உறவுகளுக்கு,

வணக்கம். எங்கள் சிறு தேயிலைக் கூடத்தில் கொழுந்தை டீத்தூளாக்கும் பொறுப்பில் இருக்கும் டீ மேக்கருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. இந்த ஆறு வாரத்தில் கூடம் ஒரு நாளும் பூட்டிக் கிடக்கவில்லை. அவர் வீட்டில் ஒருவேளைச் சோறும் தவறவில்லை. இரண்டுக்கும் நீங்கள்தான் காரணம். வீடு வீடாக வந்து கைகூப்புவதோடு இதை முடித்துக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. நீங்கள் செய்தவற்றில் பல, நாளைக்கு இன்னொரு வீட்டுக்கும் இன்னொரு கூடத்துக்கும் அப்படியே உதவும். ஆகவே நன்றியோடு சேர்த்து, யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் கோவையில் அறுவை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். அவர்கள் கொடுத்த கட்டளை சுருக்கமானது: ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஏன் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வெளியே மூன்று சிறு தழும்புகள்தான் தெரியும். உள்ளே சுமார் 10க்கு 15 செ.மீ. வலை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. உடம்பின் திசு அந்த வலையின் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வாரங்கள் ஆகும். அதுவரை இருமல், முக்கல், பாரம் மூன்றும் உள்ளிருந்து ஒரே மாதிரித்தான் தள்ளும். பாரம் தூக்குகிறவர்களுக்கு மட்டும்தான் குடல் இறங்கும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆனால் வயிற்றுச் சுவரின் பலவீனம், ஓயாத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் எல்லாமே காரணமாகலாம். விறகுப் புகைக்கு நடுவே வேலை பார்த்து, இருமலைப் பொருட்படுத்தாமல் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

மேட்டுப்பாளையம் வழியாக மலையேற்றி அழைத்துவந்த ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. புறப்படுமுன் சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று உறுதி செய்துகொண்டார். மயக்க மருந்துக்குப் பின் சிலருக்கு அது அடைத்துக்கொள்ளும், பாதி மலையில் தெரிந்தால் பெரும்பாடு. வலி மாத்திரையைக் கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கொடுக்கச் சொன்னார். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தலையணை, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வளைவில் உடம்பு சாயும்போது வயிற்றுத் தசை தன்னால் இறுகும்; பக்கத்தில் முட்டு இருந்தால் அந்த இறுக்கம் பாதியாகிறது.

படுக்கையிலிருந்து எழும் முறையைக் கற்றுக்கொடுத்த செவிலியர் அக்காவை வீட்டில் இன்னும் தினமும் நினைக்கிறார்கள். மல்லாந்தபடி நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும்.

சாப்பாடு கொண்டுவந்த அக்காமார்களே, நீங்கள் பத்தியம் என்று கஞ்சியோடு நிறுத்தாமல் கீரையும் அவரைக் குழம்பும் ராகிக்களியும் பப்பாளியும் அனுப்பினீர்களே, மருத்துவர் கேட்டதும் அதுதான். சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கிவிடும். இசப்கோல் கொடுத்தார்கள், அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடித்தால்தான் பயன், தண்ணீர் குறைந்தால் உள்ளே கெட்டியாகி நிலைமை மோசமாகும். மலைக் குளிரில் தாகமே எடுக்காது, அதுதான் இங்கே சிக்கல். காலையில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் இரண்டில் வெந்நீர் நிரப்பி வைத்து, விளக்கு வைப்பதற்குள் இரண்டும் காலியாக வேண்டும் என்று ஏற்பாடு செய்த பெரியம்மாவின் யோசனைக்கு ஈடில்லை.

மருந்துக்கடைத் தம்பிக்குத் தனி நன்றி. மருத்துவமனைச் சீட்டில் இருந்ததும் வீட்டில் ‘காய்ச்சல் மாத்திரை’ என்று வைத்திருந்ததும் ஒரே பாராசிட்டமால்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு, 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறுதான். இரண்டு பெயரில் இருப்பதை இரண்டு மருந்தென்று நினைத்து விழுங்கினால் ஈரல் கெடும்.

நடப்பதற்குத் துணை வந்த தம்பிகள் பத்து மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் அவரை வெளியே விடவில்லை. காட்டெருமையும் கரடியும் இறங்கும் நேரத்தில், ஓட முடியாத மனிதரைத் தேயிலைக்காட்டுப் பாதையில் நடக்க விடலாமா? படிக்கட்டுகளைத் தவிர்த்து, மேல் ரோட்டின் சமதளத்தில் முதல் வாரம் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கைந்து தடவை, பிறகு மெல்லக் கூட்டினார்கள். சுவரில் ஒட்டிய தாளும் அவர்கள் வேலைதான்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தழும்பில் சீழ் வந்தால், சிவப்பு பரவினால், வயிறு உப்பி வாந்தி எடுத்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108. விதைப்பையில் லேசான வீக்கமும் கன்றிப்போன நிறமும் இந்த அறுவைக்குப் பின் பலருக்கு வருவது. அதற்குப் பதறாமல் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இனி கூடத்துக்கு வருகிறோம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றதும், அவர் ஒரு நாளில் எதையெல்லாம் தூக்குகிறார் என்று பட்டியல் போட்டீர்கள். கொழுந்துச் சாக்கு 30 கிலோவுக்கு மேல். இலையைச் சுருட்டும் ரோலரில் கொட்டும் தட்டு 20 கிலோ, அதுவும் நெஞ்சுக்கு மேலே. விறகு. டீத்தூள் மூட்டை. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் இந்தக் கூடத்துக்கு லிஃப்டாக இருந்தது ஒரு மனிதரின் முதுகும் வயிறும் என்பது எங்களுக்கு உறைத்தது. அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன்பே ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் வேலையை இப்படித்தான் கவனித்தார். ஒரு செங்கல்லுக்காகக் கொத்தனார் தன் உடம்பு முழுவதையும் குனிந்து நிமிர்த்துகிறார் என்று கண்டு, செங்கல்லை இடுப்பு உயரத்தில் வைத்தார். 18 அசைவுகள் ஐந்தளவுக்குக் குறைந்தன. நீங்கள் செய்ததும் அதே வகை வேலை.

கொழுந்து கொண்டுவரும் விவசாயிகளே, சாக்கை விட்டு வலைப்பைக்கு மாறி, பைக்கு 15 கிலோவோடு நிறுத்தியதற்கு நன்றி. ஒரு மனிதரின் உடம்புக்காகச் செய்தீர்கள், இலைக்கும் நல்லதாகிவிட்டது. பறித்த பிறகும் கொழுந்து மூச்சுவிடும், சூடு வெளியிடும். சாக்கில் அமுக்கித் திணித்தால் நடுவில் கை விட்டாலே சூடு தெரியும். நசுங்கிய இலை வாட்டத்துக்கு (நீர் குறையக் காற்றில் வாட்டுவதற்கு) போகுமுன்பே சிவந்துவிடும். வலைப்பையில் காற்று ஓடுவதால் இப்போது சிவந்த இலையைப் பொறுக்கும் வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

கொழுந்தைக் கீழ் வாசலில் இறக்காமல் மேல் ரோட்டில் இறக்கலாம் என்று சொன்னது ஜீப் ஓட்டும் மாமா. இலையைப் பரப்பிக் காற்றில் வாட்டும் தொட்டியான டிரஃப் மேல் தளத்தில், ரோலர் கீழ்த் தளத்தில். நடுவில் தரையை வெட்டி, துருப்பிடிக்காத தகட்டில் ஒரு சரிவுக்குழாய் வைத்ததும் வாடிய இலை தானாக ரோலர் வாய்க்கு வந்து விழுகிறது. மலைச்சரிவு இருக்கும் ஊரில் கீழிருந்து மேலே சுமந்துகொண்டிருந்தோம்!

லேத் பட்டறை அண்ணன் செய்துகொடுத்த தட்டுவண்டியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், வேறு கூடத்தார் அதே தவறைச் செய்யாதிருக்க. முதலில் போட்ட இரண்டங்குலச் சக்கரம் தரையின் கழிவுநீர்ச் சால்களில் சிக்கி, தட்டுகள் கவிழ்ந்தன. ஆறங்குல ரப்பர் சக்கரம் போட்டதும் தாண்டியது. கழுவுவதற்காகத் தரை சரிவாக இருப்பதால் இரண்டு சக்கரத்துக்காவது பூட்டு வேண்டும். அடுத்தது, பெயின்ட் அடிக்கக் கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். புது எனாமல் பக்கத்தில் ஒரு இரவு இருந்தால் கோப்பையில் தெரியும்.

பாரத்தை இப்படிக் குறைத்துவிடலாம். அவர் கையிலும் மூக்கிலும் இருந்த வித்தையை எப்படி இறக்கிவைப்பது? எங்களுக்கு மிகப் பெரிய உதவி கிடைத்தது இதில்தான். வாடிய இலையை அவர் உள்ளங்கையில் பிடித்து விட்டுப் பார்ப்பார், அது பந்தாக நிற்கும் விதத்தில் முடிவு சொல்வார். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தராசுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சைக் கொழுந்தில் சுமார் 78 விழுக்காடு நீர் என்றால், ஒரு கிலோவில் திடப்பொருள் 220 கிராம். நீர் 60 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டுமானால் அந்த 220 கிராம் மொத்த எடையில் 40 விழுக்காடாக இருக்க வேண்டும். அதாவது 550 கிராம். ஒரு கம்பித்தட்டில் சரியாக ஒரு கிலோ இலை போட்டு டிரஃப்பிலேயே வைத்துவிடுகிறார்கள். தட்டு 550 கிராம் காட்டினால் வாட்டம் முடிந்தது. மழை நாளில் இந்தக் கணக்கு ஏமாற்றும். இலைமேல் நிற்கும் நீரும் சேர்ந்து மொத்த நீர் 83 விழுக்காடு ஆனால் திடப்பொருள் 170 கிராம்தான். 550இல் நிறுத்தினால் இலையில் இன்னும் 69 விழுக்காடு நீர் இருக்கும். ரோலரில் சாறு வழிந்தோடிவிடும், டீ சப்பென்று ஆகும். அதனால் மேல்நீர் காயும்வரை சூடில்லாக் காற்று, அதன் பிறகே தட்டுக்கு ஒரு கிலோ எடை போடுவது.

ஈரத்திரி சுற்றிய ஈரக்குமிழ், திரியில்லாத உலர்குமிழ் வெப்பமானிகளைக் காலையும் இரவும் பார்த்து எழுதிய பெண்களுக்கு நன்றி. இரண்டுக்கும் 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் வாட்டம் சீராக நடக்கும். குறைந்தால் வெப்பக் காற்று கொஞ்சம் கலக்க வேண்டும், கூடினால் விசிறியைக் குறைக்க வேண்டும். ஒருமுறை இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. ஈரம் மிகுந்துவிட்டதென்று சூட்டைக் கூட்டப் போனபோது, இவர்களில் ஒருவர்தான் திரியைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. திரி காய்ந்தால் ஈரக்குமிழும் உலர்குமிழாகிவிடும். சூட்டைக் கூட்டியிருந்தால் நன்றாகக் காய்ந்த காற்றில் மேலும் சூடேறி, இலை கருகியிருக்கும். இப்போது அளவை எழுதுமுன் திரியைத் தொட வேண்டும் என்பதே முதல் வரி.

இலை சிவக்கும் நேரத்தை மூக்கால் அறிவதற்கு மட்டும் கருவி கிடைக்கவில்லை. ரோலர் தொடங்கிய 60, 80, 100, 120ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு கைப்பிடி எடுத்து, தனித்தனியே காயவைத்து, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று ஊறவைத்து, எண்ணிட்ட ஃபிளாஸ்க்கில் அவர் படுக்கைக்குக் கொண்டுபோனீர்கள். அவர் குடித்துப் பார்த்து எண்ணைச் சொல்வார், நீங்கள் அந்த நிமிடத்து மணத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வீர்கள். பனிக்கால இரவுகளில் அறை குளிர்ந்தால் அதே மணம் வர நேரம் கூடுதலாகும் என்பதும் இப்படித்தான் தெரிந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் அவர் சொல்லும் எண்ணும் நீங்கள் எழுதிவைத்த எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை எங்களால் எழுத முடியவில்லை.

டிரையரைப் பார்த்துக்கொண்டவர்கள் உள்வாய்ச் சூட்டை 100 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தார்கள். சீக்கிரம் முடிக்க அதைத் தாண்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும், மூட்டையில் சில வாரத்தில் மணம் போய்விடும். ரொம்பக் குறைந்தால் இலை வெந்துவிடும். மூட்டை கட்டும்போது ஈரம் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

வாங்குகிற வியாபாரிகளுக்கும் நன்றி. நாளுக்கு மூன்று ஈடு ஓட்டியதை இரண்டாகக் குறைத்தோம். நள்ளிரவு ஈடு என்பது அவர் தூக்கத்தை எடுத்துத்தான் ஓடியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பத் தொடங்க மனம் வரவில்லை. சரக்கு குறைவதை ஏற்றுக்கொண்டீர்கள், முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் பதிந்த தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். பத்துப் பேர்கூட இல்லாத எங்களைப் போன்ற கூடங்கள் பொதுவாக அதற்குள் வருவதில்லை. விவசாயிகள் கொழுந்துப் பணத்திலிருந்து விட்டுக்கொடுத்து அந்த 70 விழுக்காட்டை ஈடுகட்டினீர்கள். அவர் வீட்டார் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

நீங்கள் எல்லோரும் காத்த இன்னொரு கட்டுப்பாடு: காலை 11 முதல் 11.30 வரை தவிர அவருக்கு வேலை விஷயமாக ஒருவரும் போன் செய்யவில்லை. வலி மாத்திரை தின்னும் முதல் வாரத்தில் பணக்கணக்கு எதையும் அவரிடம் கொண்டுபோகவில்லை. அவர் தூங்கினார்.

வருகிற திங்கள் முதல் அவர் அரைநாள் வருகிறார். பைக்கு 15 கிலோ என்பது அவருக்காக மட்டும் போட்டதாக இனி வைக்க வேண்டாம், எல்லோருக்குமாக அப்படியே இருக்கட்டும். கொழுந்தை மாலை நான்குக்குள் மேல் ரோட்டில் இறக்கிவிடுங்கள். சாப்பாடு வந்த தூக்குகள் ஏழும் ஃபிளாஸ்க்குகள் நான்கும் கழுவிக் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். மூடியில் சிவப்பு நூல் கட்டிய ஃபிளாஸ்க் யாருடையது என்று தெரியவில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

நன்றியுடன்,
கூடத்தாரும் டீ மேக்கர் வீட்டாரும்
கோத்தகிரி