மறுபடியும் மலைக்குக் கிளம்புகிறோம்: உதவிய எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கை கொடுத்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

வருகிற சனிக்கிழமை விடிகாலையில் எங்கள் மிஷன் குழு மறுபடியும் சேர்வராயன் மலைக்குக் கிளம்புகிறது. போய்வந்த பிறகு நன்றி சொல்வதுதான் வழக்கம். இந்த முறை கிளம்பும் முன்பே சொல்லிவிடலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இந்தப் பயணம் நடப்பதே உங்களால்தான், மேலே போய் நாங்கள் என்ன சாதித்தோம் என்பதெல்லாம் அப்புறம். போதகர் ஐயா ஆராதனையில் பொதுவாக நன்றி சொல்லிவிட்டார். ஆனால் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் போய்ச் சேராது, யார் என்ன செய்தார்கள் என்று விவரமாக எழுது என்று பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பேர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் யார் பேரும் இதில் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. சேர்வராயன் மலையில் இருக்கிற ஏற்காடு என்றால் நமக்கு ஏரி, படகு, லேடீஸ் சீட், மே மாதத்துக் கோடை விழா. அந்த டவுனைத் தாண்டி உள்ளே 67 மலைக் கிராமங்கள் இருக்கின்றன. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று பஸ் போர்டில் படித்திருப்போம், ஏறிப் போயிருக்க மாட்டோம். போன தடவை நாங்கள் போனது அந்த மாதிரி ஊர்களுக்குத்தான். பிரஷர், சுகர் பார்த்தோம், கண் பரிசோதனை செய்தோம், பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தோம், கண்புரை முற்றியிருந்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, சேலம் வாருங்கள், ஆபரேஷன் இலவசம் என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

சீட்டு வாங்கியவர்களில் இறங்கி வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான். கண் முகாம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம், சரி. பஸ்ஸுக்கு வேண்டும், கூட வருகிற ஆளுக்குச் சாப்பாடு வேண்டும், அந்த ஆளுக்குப் போகிற கூலியை யார் தருவார்கள், வீட்டில் இருக்கிற ஆடு மாட்டை யார் பார்ப்பார்கள்? ஒரு பாட்டி என்னிடம் நேராகவே கேட்டார்: "கண்ணு கெடக்குது சாமி, நான் வந்துட்டா ஆட்ட யாரு பாக்கறது?" அதற்கு எங்களிடம் மாத்திரை இல்லை. அதனால்தான் இந்த இரண்டாவது பயணம், முகாம் போடுவதற்கு என்பதைவிட ஆட்களைக் கூடவே அழைத்து வருவதற்கு. சனி, ஞாயிறு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, திங்கட்கிழமை காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வருவது, ஆபரேஷன் முடிகிறவரை கூட இருப்பது, திரும்பக் கொண்டுபோய் விடுவது. இதுதான் திட்டம்.

முதல் நன்றி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நின்றவர்களுக்கு. ஒரே பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப ஏலத்துக்கு விட்டீர்கள், எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி மேசையிலேயே வைத்தார், அடுத்தவர் அதைவிடக் கூட்டிக் கேட்டார், கடைசியில் அந்தப் பூசணிக்காய் தங்கம் விலைக்குப் போனது. டீசல் செலவு முழுக்க அந்த மேசையிலிருந்து வந்ததுதான். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்ததையும் எண்ணினோம். நாணயமாகவே எண்ணி முடிக்க எங்கள் டிரஷரருக்கு ஒரு சாயங்காலம் ஆனது, முகம் சுளிக்காமல் எண்ணினார், அவருக்கும் நன்றி.

கண்ணாடி முழுக்கக் கொடுத்தது சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன். அவர் நம் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. கொலுசு வேலை செய்கிறவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சின்னச் சின்ன வளையத்தைப் பற்றவைக்கிற இடம் மங்கினால் அன்றைக்குக் கூலி மங்கும். "தோட்டத்துல பழம் பறிக்கிறவங்களுக்கும் அதே கதைதானுங்களே" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார். காபிப் பழத்தில் சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையை விட வேண்டும், அதற்குக் கண் வேண்டும். அசாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018ல் வெளிவந்தது. ஒரு பாதிப்பேருக்குப் பக்கத்தில் பார்க்க உதவுகிற கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறிக்கிற அளவு மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. தேயிலை வேறு, காபி வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எடைக்குக் கூலி வாங்குகிற ஒரு அம்மாவுக்கு அது என்ன கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் பவர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதி அனுப்பியிருக்கிறார். போன தடவை நாங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர். அவர் முதலாளியிடம் பேசி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறவர்களுக்கு அந்த நாட்களின் கூலியைப் பிடிக்காமல் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். நாங்கள் எத்தனை ஜெபக்கூட்டம் வைத்திருந்தாலும் இதை எங்களால் செய்திருக்க முடியாது. இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். லண்டன் மிஷன் என்கிற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் சேலத்தில் வேலை தொடங்கியது 1827ல். ஏறக்குறைய ஒரே காலம்தான், ஆனால் எஸ்டேட்டும் மிஷனும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறதை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்று எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சிரித்தார்.

மலைக் கிராமத்துத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போன தடவை போய் இறங்கியதுமே "மதம் மாத்தவா வந்தீங்க?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர் அவர்தான். இல்லைங்க, கண் பார்க்க வந்தோம், சபை எங்களை அனுப்பியது, அதை மறைக்க மாட்டோம், ஆனால் கூட்டம் போட்டுப் பிரசங்கம் பண்ண மாட்டோம் என்று சொன்னோம். கேட்டுவிட்டு மந்தையில் வேப்ப மரத்தடியைக் காட்டினார். இந்த முறை அவரே முன்னால் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டு ஆடு மாடுகளை யார் யார் பார்ப்பது என்று பேசி முடித்துவிட்டார். பாட்டியின் ஆட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. சேர்வராயன் கோயில் திருவிழா நாட்களில் வர வேண்டாம், யாரும் இருக்க மாட்டார்கள் என்று தேதியையும் அவர்தான் சொன்னார்.

கிராம நர்ஸம்மாவும் அங்கன்வாடி அக்காவும் இல்லையென்றால் எங்கள் பட்டியல் வெறும் காகிதம். பல ஊர்களில் டவர் கிடைப்பதில்லை, ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றால் பஸ் கண்டக்டரிடம் துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும் (கண்டக்டர் தம்பி, உனக்கும் நன்றி, ஒரு சீட்டுகூடத் தொலைந்ததில்லை). போன தடவை கீழே வந்த ஒரு தாத்தாவைச் சுகர் அதிகம் என்று ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் செய்தது சரிதான், சுகரும் பிரஷரும் கட்டுக்குள் வராமல் கத்தி வைக்க மாட்டார்கள், ஆனால் தாத்தாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிவிட்டு வெறும் கண்ணோடு திரும்பி ஏறிய கசப்பு. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகிறது அல்லவா, அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று நர்ஸம்மா கூடுதலாக நடந்து நடந்து பார்த்திருக்கிறார். தாத்தாவின் சுகர் இறங்கிவிட்டது. இந்த முறை வேனில் முன் சீட்டு அவருக்குத்தான்.

ஆபரேஷன் என்னவோ கால் மணி நேர வேலை, புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் பாடு. ஒரு மாதத்துக்குக் குறையாமல் சொட்டு மருந்து, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, விறகடுப்புப் புகையில் உட்காரக்கூடாது. சொட்டு மருந்தும் தினமும் ஒரே கணக்கு இல்லை, வாரா வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். படிக்கத் தெரியாத ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது? ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் ஒருவர் அட்டையில் வரைந்து கொடுத்துவிட்டார்: உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், மறைகிற சூரியன், நிலா, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீலச் சொட்டு, அடுத்த வார அட்டையில் ஒரு சொட்டு குறைவு. பார்த்த டாக்டரே தனக்கு ஒன்று வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை தைத்திருக்கிறார்கள், உள்ளே கறுப்புக் கண்ணாடி, பஞ்சு, துண்டு, சோப்பு, அந்த அட்டை.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி துணைக்கு இருக்கிறேன் என்று பேர் கொடுத்தவர்களுடையது. பணம் கொடுப்பது சுலபம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தெரியாத ஒருவருக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பது வேறு விஷயம். ரிட்டயரான டீச்சர் அம்மா ஒருவர், அம்மாபேட்டையில் தறியை மகனிடம் விட்டுவிட்டு வருகிற அக்கா, நர்சிங் படிக்கிற தங்கைகள், வாலிபர் சங்கத்துத் தம்பிகள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, பரவாயில்லையா என்று கேட்டார் தறிக்கார அக்கா. நோயாளிக்கும் தெரியாது அக்கா, நீங்கள்தான் சரியான ஆள்.

வேனுக்கு வாடகை வாங்காத டிரைவர் அண்ணன் பல வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஞாயிறு சாயங்காலம் அடிவாரம் பக்கம் இறங்கவே கூடாது, டூரிஸ்ட் வண்டியில் மாட்டிக்கொள்வோம், திங்கட்கிழமை விடிந்ததும் குப்பனூர் வழியாக இறங்கலாம், பனி மூட்டத்தில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று இப்போதே எங்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டார். பாத்திரமும் ஜமுக்காளமும் வாடகைக் கடை வைத்திருக்கிற பாய் கொடுத்தது, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரிசி பருப்பு வந்துவிட்டது. சேலம் குகைப் பகுதியில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு அம்மாச்சி பட்டியலை வாங்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபிக்கிறார், ஊர்க்கவுண்டர் பேரும் அதில் இருக்கிறது.

நன்றி மடலில் குறை சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளோடு தங்கள் பேனரை வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி கேட்டது, வேண்டாம் என்றுவிட்டோம். கண்ணில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறவரைப் போட்டோ பிடித்து என்ன ஆகப் போகிறது? அதேபோல் கிழிந்த பழைய துணிகளும் இனி வேண்டாம், அவர்களிடம் கிழிந்த துணி ஏற்கனவே இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேன் ஆலயத்து வாசலில் நிற்கும், ஐந்தேகாலுக்கு ஜெபம், ஐந்தரைக்கு வண்டி எடுத்துவிடுவார், டிரைவர் அண்ணனுக்காகச் சொல்கிறேன், ஐந்தரை என்றால் ஐந்தரை. வழியனுப்ப வருகிறவர்கள் தட்டுவடை செட், முறுக்கு எதுவும் கட்டிக்கொண்டு வராதீர்கள், வேனில் சத்தியமாக இடம் இல்லை. இன்னும் ஒரே ஒரு தேவை பாக்கி: ஆண்கள் வார்டில் ராத்திரி துணைக்கு இருக்க இரண்டு ஆண்கள் வேண்டும், அக்காமாரை அங்கே விடமாட்டார்கள். முடிகிறவர்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது சபைச் செயலாளரிடம் பேர் கொடுத்துவிடுங்கள், சொந்தப் பாயும் போர்வையும் கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
மிஷன் குழுவுக்காக,
அஸ்தம்பட்டி, சேலம்