கோத்தா ராஜா தொகுதியின் பாரத்தைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளர்கள்,
சிலாங்கூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மலேசியத் தேர்தல் ஆணையம்,
புத்ராஜெயா.

பொருள்: தீபகற்ப மலேசியாவின் அடுத்த தொகுதி எல்லை மறுசீரமைப்பில் கிள்ளான், ஷா ஆலம் வட்டார வாக்காளர்களின் எண்ணிக்கையைக் கருத்தில் கொண்டு எல்லைகளை வரையக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2022 நவம்பர் 19-இல் நடந்த 15-ஆவது பொதுத்தேர்தலில் எங்கள் கோத்தா ராஜா தொகுதியின் வாக்காளர் பட்டியலில் 244,712 பேர் இருந்தார்கள். நாட்டில் பாங்கிக்கு அடுத்து அதிக வாக்காளர்களைக் கொண்ட தொகுதி எங்களுடையதுதான். சிலாங்கூரிலேயே உள்ள பாங்கியில் 303,430 பேர், டாமான்சாராவில் 239,103 பேர். அதே தேர்தலில் சரவாக்கின் இகான் தொகுதியில் 28,290 பேர் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இகானோடு எங்களை ஒப்பிட்டு நியாயம் கேட்க இந்த மனுவை எழுதவில்லை. சரவாக்கின் ஆற்றோரக் கிராமங்களுக்குப் படகில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. அங்குள்ள மக்களுக்கு எளிதில் அணுகக்கூடிய ஓர் உறுப்பினர் தேவை என்பதை முழு மனதோடு ஏற்கிறோம். எங்கள் கேள்வி சிலாங்கூருக்குள்ளேயே எழுவது.

சபாக் பெர்ணமும் சிலாங்கூரில்தான் இருக்கிறது. 2022-இல் அங்கே வாக்காளர் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுங்கை பெசார், அதற்கும் பக்கத்தில் தஞ்சோங் காராங். இந்த மூன்று தொகுதிகளின் வாக்காளர்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் 2 லட்சம் வராது. அங்கே மூன்று உறுப்பினர்கள், இங்கே ஒருவர். இந்த மூன்றும் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஊர்கள் அல்ல. கிள்ளானிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போகும் தார்ச்சாலையில் வண்டி எடுத்தால் போய்விடலாம். எங்கள் உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள், நாங்களும் பண்டிகைக்குப் போய் வருகிறோம். நெல் விளைவிக்கும் அந்த மக்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவரின் வாக்கு எங்களில் நான்கு பேரின் வாக்குக்கு மேல் எடை பெறுவதற்குத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது.

அரசியலமைப்பின் பதின்மூன்றாம் அட்டவணை இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மாநிலத்துக்குள் உள்ள தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். உட்புறப் பகுதிகளில் வாக்காளரை அணுகுவது கடினம் என்பதால் பரப்பளவுக்கு ஓரளவு கூடுதல் எடை தரலாம். எங்களைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் கனிவும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த "ஓரளவு" எந்த அளவு என்று இன்றைய அட்டவணை சொல்வதில்லை. சுதந்திரம் கிடைத்த 1957-இல் சொல்லியிருந்தது: சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. 1962 திருத்தம், உட்புறத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி அளவுக்கே வாக்காளர்கள் இருக்கலாம் என்று தளர்த்தியது. 1973-இல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ஆணையத்தின் சொந்த நிதானம் ஒன்றுதான் வேலியாக நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

கடந்த மறுசீரமைப்பு எப்படி முடிந்தது என்பது தங்களுக்கு நன்றாகவே தெரியும். 2016 செப்டம்பரில் முதல் பரிந்துரை பார்வைக்கு வைக்கப்பட்டது. சிலாங்கூர் மாநில அரசே அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. 2018 மார்ச் 28-இல் அறிக்கை மக்களவைக்கு வந்து, அன்றே 129-க்கு 80 என்ற கணக்கில் நிறைவேறியது. மறுநாள் அரசிதழில் வெளியானது. மே 9-இல் அந்தப் புதிய எல்லைகளின்படியே வாக்களித்தோம். அந்த அறிக்கையின் கணக்குப்படியே டாமான்சாராவுக்கு 150,439 வாக்காளர்கள், சபாக் பெர்ணமுக்கு 37,126 பேர். பல ஆண்டு மக்கள்தொகை மாற்றத்தால் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு என்று இதைச் சொல்லிவிட முடியாது. எல்லை வரைந்த அன்றே நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தது.

எங்கள் வட்டாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2013-இல் நாட்டிலேயே பெரிய தொகுதி பக்கத்தில் உள்ள காப்பார். வாக்காளர்கள் 144,159 பேர். அப்போது புத்ராஜெயாவில் 15,791 பேர். 2018-இல் காப்பாரின் பாரம் குறைந்தபோது கிள்ளான் தொகுதியின் பாரம் ஏறியது. 2022-இல் கிள்ளான் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே வட்டாரத்துக்குள் வாக்காளர்களை இங்கிருந்து அங்கே நகர்த்தினார்களே தவிர, வட்டாரத்துக்கு ஒரு தொகுதிகூடக் கூடவில்லை. அடுத்த முறையும் இதே வழியில் போனால் கோத்தா ராஜாவிலிருந்து சில வாக்களிப்பு வட்டாரங்களைக் கிள்ளானுக்கோ ஷா ஆலமுக்கோ தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்குக் காரணங்கள் உண்டு. 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆனது, பதிவும் தானியங்கி ஆனது. 2018-இல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. பதிவு செய்யாமல் இருந்தவர்கள், இளையோர், புதிதாகக் குடியேறியவர்கள் எல்லாரும் நகரத் தொகுதிகளில்தான் அதிகம். அப்புறம் தோட்டங்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்து லயங்களிலிருந்து கிளம்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று செந்தோசா, ஸ்ரீ அண்டலாஸ், ஸ்ரீ மூடா தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) இருக்கிறார்கள். நாங்களும் அவர்களில் சேர்ந்தவர்களே.

இதிலும் ஒரு விஷயம் கணக்கில் வருவதில்லை. பட்டியல் அடையாள அட்டை முகவரியை வைத்துத் தயாராகிறது. பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வேலைக்கு வந்து இங்கே வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர் முகவரியை மாற்றுவதில்லை. அவர்கள் வாக்களிப்பது ஊரில்; சாலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வந்து நிற்பது இங்கே. நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு வருபவர் இந்தத் தொகுதியின் வாக்காளர்தானா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆக 244,712 என்பது அந்த அலுவலகம் தாங்கும் உண்மையான பாரத்தைவிடக் குறைவான எண்.

அந்த பாரம் எப்படிப்பட்டது என்பதை 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய வெள்ளத்தில் பார்த்தோம். தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டின் முதல் மாடியை எட்டியது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இரவும் பகலும் மேலேயே காத்திருந்தார்கள். உயிர்களையும் இழந்தோம். அதன்பின் மாதக்கணக்கில் நிவாரண மனு, காணாமல் போன பிறப்புப் பத்திரம், நனைந்துபோன வீட்டு ஆவணம் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு கட்டுக் காகிதத்தோடு அலைந்தது. வெள்ளம் இல்லாத நாளிலும் எங்கள் பகுதியில் குடியுரிமை, அடையாள அட்டை, சமூகநலத் துறை உதவி, தமிழ்ப்பள்ளி இடநெருக்கடி என்று தீராத வரிசை உண்டு. ஓர் உறுப்பினருக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு தொகுதிக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. அதே பணத்தை ஐம்பதாயிரம் பேருக்கும் பகிரலாம், இரண்டரை லட்சம் பேருக்கும் பகிரலாம். எந்தக் கட்சி உறுப்பினர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதைக் கட்சி சார்ந்த மனுவாகப் பார்க்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இதில் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் ஒரே சின்னத்துக்கு வாக்களிப்பவர்கள் அல்லர்.

சரி, என்ன செய்ய முடியும்?

சிலாங்கூருக்கு 22 இடங்கள். 2003-இல் 17-இலிருந்து 22 ஆனது. அதன்பின் ஒன்றுகூட ஏறவில்லை. 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 40 லட்சத்தை ஒட்டி இருந்த மாநிலத்தில் 2020-இல் ஏறக்குறைய 70 லட்சம் பேர். 2022-இல் சிலாங்கூரில் 36 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். பேராக்கில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்காளர்களுக்கு 24 இடங்கள். மொத்த இடங்களை 222-க்கு மேல் உயர்த்த அரசியலமைப்பின் 46-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அது ஆணையத்தின் கையில் இல்லை. ஆனாலும் சிலாங்கூருக்குக் கூடுதல் இடங்கள் தேவை என்பதை உங்கள் அறிக்கையில் எண்களோடு எழுதி அரசாங்கத்தின் முன் வைக்க உங்களால் முடியும். அதை முதலில் வேண்டுகிறோம்.

இடங்கள் கூடாவிட்டாலும் வழி இருக்கிறது. இந்த மனுவின் மையக் கோரிக்கையும் இதுவே. சிலாங்கூரின் வடக்கில் உள்ள சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் ஆகிய மூன்று தொகுதிகளை இரண்டாக மாற்றியமையுங்கள். அப்போதும் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்குக் குறைவான வாக்காளர்களே இருப்பார்கள். மாநிலச் சராசரி ஏறத்தாழ 1 லட்சத்து 67 ஆயிரம். ஆக, உட்புறப் பகுதி என்பதற்கான கூடுதல் எடை அவர்களுக்குத் தாராளமாகவே கிடைக்கும். 1962-இல் நாடாளுமன்றம் சரி என்று கருதிய "பாதி" அளவையும் அது மீறாது. அப்படி மிச்சமாகும் ஓர் இடத்தைக் கிள்ளான், கோத்தா ராஜா, காப்பார் தொகுதிகளை உள்ளடக்கிய வட்டாரத்துக்குத் தாருங்கள். 2022 கணக்குப்படி இந்த மூன்றிலும் சேர்ந்து 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். நான்கு தொகுதிகளாகப் பிரித்தால் தொகுதிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். மாநிலச் சராசரிக்கு ஏறக்குறைய அருகில் வந்து நிற்கும். பாங்கிக்கும் டாமான்சாராவுக்கும் இதனால் விடிவு வராது என்று அங்குள்ளவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். அவர்கள் கோரிக்கையையும் இதே அளவுகோலில் பாருங்கள்.

எல்லையை வரையும்போது உள்ளூர்ப் பிணைப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றும் அட்டவணை சொல்கிறது. கோத்தா ராஜா இன்று இரண்டு மாநகராட்சி மன்றங்களில் விரிந்து கிடக்கிறது. கோத்தா கெமுனிங், ஸ்ரீ மூடா பகுதி ஷா ஆலம் மாநகராட்சிக்கு உட்பட்டது. செந்தோசா பக்கம் கிள்ளானுக்கு. வடிகால் அடைத்தால் எந்த மன்றம் என்பதும், எந்த உறுப்பினர் என்பதும் வேறுவேறு எல்லைகளாக இருப்பது குடியிருப்பவர்களுக்குப் பெரும் குழப்பம். பிரிக்க வேண்டியிருந்தால் இந்த மன்ற எல்லையை ஒட்டிப் பிரியுங்கள். ஒரே தாமானின் இரண்டு சாலைகளுக்கு நடுவே கோடு போடாதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். கோத்தா ராஜா வாக்காளர்களில் கால்வாசிக்கு மேல் இந்தியர்கள். நாட்டில் இந்திய வாக்காளர் விகிதம் மிக அதிகமாக உள்ள தொகுதிகளில் இதுவும் ஒன்று. எங்களுக்கென்று ஓர் இனத் தொகுதி வெட்டித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பதின்மூன்றாம் அட்டவணையில் இனம் என்ற அளவுகோலே கிடையாது. அந்த அளவுகோல் எங்களைச் சேர்ப்பதற்கும் வேண்டாம், சிதறடிப்பதற்கும் வேண்டாம். எண்ணிக்கை, தூரம், உள்ளூர்ப் பிணைப்பு இவற்றை வைத்து நேர்மையாக வரையப்பட்டால், வருகிற கோட்டை ஏற்றுக்கொள்கிறோம்.

பரிந்துரை வெளியான பிறகு பாதிக்கப்பட்ட தொகுதியின் 100 வாக்காளர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தரலாம். இந்த உரிமையைப் பயன்படுத்த, பழைய எல்லையும் புதிய எல்லையும் சாலைப் பெயர்களோடு தெரியும் வரைபடம் வேண்டும். அதை இணையத்தில், யாரும் பதிவிறக்கிப் பார்க்கும்படி வையுங்கள். ஒவ்வொரு வாக்களிப்பு வட்டாரத்திலும் எத்தனை வாக்காளர், அது எங்கிருந்து எங்கே மாற்றப்படுகிறது, ஏன் என்ற காரணமும் கூடவே இருக்கட்டும். உள்ளூர் விசாரணையைக் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் வார இறுதியில் நடத்தினால் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களும் வர முடியும். அறிவிப்புகள் தமிழிலும் சீனத்திலும் வந்தால் எங்கள் பெரியவர்கள் படித்துத் தெரிந்துகொள்வார்கள். இறுதி அறிக்கையும் மக்களவைக்குப் போகும் முன் எங்கள் கண்ணில் பட வேண்டும்.

2018 மார்ச்சில் முடிந்த மறுசீரமைப்புக்குப் பிறகு அரசியலமைப்பு விதிக்கும் எட்டு ஆண்டு இடைவெளி 2026 மார்ச்சோடு நிறைவடைகிறது. மறுஆய்வு தொடங்கினால் அதை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் விதி. இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொரு எட்டு ஆண்டு இதே எல்லைகளோடு இருக்க வேண்டும், அதற்குள் எங்கள் எண்ணிக்கை எங்கே போய் நிற்குமோ தெரியவில்லை. ஆகவே மறுஆய்வைத் தாமதமின்றித் தொடங்கவும், எங்கள் பிரதிநிதிகள் வரைபடத்தோடு நேரில் வந்து விளக்க ஒரு நாளை ஒதுக்கித் தரவும் வேண்டுகிறோம். கையெழுத்திட்ட வாக்காளர்களின் பெயரும் வாக்களிப்பு வட்டாரமும் அடங்கிய பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதி வாக்காளர்கள்

நகல்: கிள்ளான் அரச மாநகராட்சி மன்றம், ஷா ஆலம் மாநகராட்சி மன்றம், சிலாங்கூர் மாநில அரசுச் செயலகம்