மும்பை பைகுல்லாவில் டாக்டருக்குப் படிக்கும் மகளுக்கு

அன்புக் கண்ணு,

ஊர்ப் பாட்டிகளிடம் நோய்ப் பெயர்களையும் கைவைத்தியத்தையும் கேட்டுக் கேட்டு நீ எழுதி வைத்த நோட்டைப் பரணில் போட்டுவிடச் சொன்னாய். "வார்டு வேலைக்கே நேரம் பத்தலை, இனிமே இதெல்லாம் எதுக்கும்மா?" என்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை. நோட்டை இந்தக் கடிதத்தோடு உனக்கே அனுப்புகிறேன். கூடவே உன் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன்.

டாக்டர் பாவு தாஜி லாட். கோவாவின் மாந்த்ரே கிராமத்துப் பிள்ளை. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் 1851-ல் தேறி வெளியே வந்த முதல் அணியில் ஒருவர். அதற்கு முன்பே, குஜராத்தின் கத்தியவார், கட்ச் பகுதிகளில் பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருந்தார். பம்பாயில் தொழில் நன்றாக நடந்தது. தம்பி நாராயண் தாஜியும் டாக்டர். ஏழைகளுக்கு இலவச மருந்தகம் நடத்தினார்கள். பாவு தாஜி பழைய சமஸ்கிருத வைத்திய நூல்கள் சொல்லும் மூலிகைகளைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார். தொழுநோய்க்கு மருந்து காண நெடுநாள் பாடுபட்டார். உன் நோட்டில் பாட்டிகள் சொன்னதை எழுதியபோது நீயும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தாய்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. ஆரியபட்டர் பிறந்தது 476 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தாயே, அந்த ஆண்டை நிலைநாட்டியவர் இந்த டாக்டர். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு 23 வயது என்று ஆரியபட்டரே எழுதியிருக்கிறார். அது கி.பி. 499. 23-ஐக் கழித்தால் 476. சுவடியைத் தேடி எடுத்து, இதைக் கணக்குப் பார்த்து, 1865-ல் கட்டுரையாக வெளியிட்டார். பழைய வானியல் அறிஞர்களான வராகமிகிரர், பிரம்மகுப்தர் காலத்தையும் அதே கட்டுரையில் ஆராய்ந்தார். நோயாளியின் வயதைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிற தொழில் உன்னுடையது, உனக்கு இது புரியும்.

அஜந்தா குகைக் கல்வெட்டுகளைப் படித்தார். தானே எல்லா இடத்துக்கும் போக முடியாதபோது ஜூனாகத்திலிருந்து பகவான்லால் இந்திராஜி என்ற இளைஞரை வரவழைத்துச் சம்பளம் கொடுத்து, நாடெங்கும் அனுப்பிக் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். அந்த இளைஞர் பின்னாளில் பெரிய கல்வெட்டறிஞர் ஆனார். நேரமில்லை என்கிறாயே, நேரமில்லாத ஒரு டாக்டர் கண்டுபிடித்த வழி இது. உன்னோடு படிப்பவர்கள் பல ஊர்க்காரர்கள். அவர்கள் பாட்டிமார் சொன்னதை அவர்களையே எழுதச் சொல்லலாமே.

இப்போது அவர் பெயரில் பைகுல்லாவில் இருக்கும் அருங்காட்சியகத்தின் கதைக்கு வருகிறேன். 1855-ல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்காகப் பம்பாய் மாகாணத்தின் கைவினைப் பொருள்களைத் திரட்டினார்கள். அதையொட்டிக் கோட்டைப் பகுதியில் ஒரு அருங்காட்சியகம் அமைந்தது. 1857-ல் அந்தக் கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டதும் பொருள்கள் சிதறிச் சீரழிந்தன. அப்போது அதைத் திரும்ப எழுப்பப் பாடுபட்டவர்களில் இரண்டு டாக்டர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஜார்ஜ் பேர்ட்வுட், இன்னொருவர் பாவு தாஜி. பாவு தாஜி அருங்காட்சியகக் குழுவின் செயலாளராக இருந்து, ஊரில் வசதி படைத்தவர்களிடம் நன்கொடை திரட்ட உழைத்தார். பெரிய வணிகரும் கொடையாளருமான ஜகந்நாத் சங்கர்சேட் போன்றவர்கள் துணை நின்றார்கள். 1862-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1865-ல் பருத்தி வியாபாரமும் பங்குச் சந்தையும் சரிந்து நகரமே திவாலானது. பாவு தாஜியும் பெருநஷ்டப்பட்டார். கட்டட வேலைக்குப் பணம் வற்றி, அரசு கைகொடுத்துத்தான் 1872-ல் திறந்தார்கள். இரண்டே வருடத்தில், 1874-ல், அவர் காலமானார். 1869-லும் 1871-லும் பம்பாயின் ஷெரீப் என்ற கௌரவப் பதவியில் இருந்தவர். விக்டோரியா ஆல்பர்ட் என்று இருந்த அருங்காட்சியகத்தின் பெயர் அவர் பெயராக மாற 1975 வரை ஆனது.

அங்கே இருப்பதெல்லாம் மக்களுக்காகத்தான் சேர்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஊரில் என்ன விளைகிறது, எந்தக் கை எதைச் செய்கிறது என்று ஆங்கிலேயர் தெரிந்துகொண்டது வியாபாரத்துக்காகவும்தான். அந்த நோக்கத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் அங்கே வைத்திருக்கும் களிமண் பொம்மைகளில் தொழிலாளிகளும் பல சாதி சமூகத்தாரும் உடுத்தின உடை, கட்டின தலைப்பாகை, பிடித்த கருவி எல்லாம் இருக்கின்றன. இந்த மாதிரி ஆட்களை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகும். ஒரு நகரத்துச் சாமானியர்களும் காட்சிக்கு உரியவர்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நோயாளியை நோயின் பெயரால் மட்டும் கூப்பிடாதே என்று நான் உன்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

ராணி பாக் தோட்டத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, உன் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கம்தான். வெளியே கிடக்கும் கல் யானையைப் பார். மும்பைக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் எலிஃபண்டா தீவுக்குப் பெயர் கொடுத்ததே அந்த யானைதான். இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது உடைந்து, பிறகு ஒட்டி நிறுத்தியது. உள்ளே பொம்மைகளிடம் நிதானமாக நில். முதுகு வளைவையும் கைவிரலையும் பார்த்து அந்தத் தொழில் உடம்பை என்ன செய்திருக்கும் என்று டாக்டராக எனக்கு எழுது. அது எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும். புதன்கிழமை மூடியிருப்பார்கள், வேறு நாளில் போ. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா