பின்கட்டு அரை சென்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். சாரல் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை, ஆனாலும் காலையில் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார்.

ஓசூர் வீட்டுப் பின்கட்டுக்கு யாரோ வரைந்து கொடுத்த படத்தை அனுப்பி, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லியிருக்கலாம். நான் பாதி சொல்வதற்குள் சின்னவள் போனைப் பிடுங்கிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சைப் பிளாஸ்டிக் புல், நடுவே வெள்ளைக் கூழாங்கல் பாதை, ஓரத்தில் காளான் பொம்மை, ஒரு வாத்து. மாப்பிள்ளை ரசித்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? வாத்தைப் பார்ப்பார்கள். மறுநாளும் அதே வாத்துதான் நிற்கும். அந்தப் புல் மத்தியான வெயிலில் கொதிக்கும், வெறுங்காலை வைக்க முடியாது. இருபது அடிக்குப் பதினொன்று என்றாயே, அது கிட்டத்தட்ட அரை சென்ட். அரை சென்ட் மண்ணை மூடுவதற்கா காசு கொடுக்கப் போகிறாய்?

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. உனக்கு அப்போது ஐந்து வயது. கிணற்றடியில் பத்து அவரை விதை ஊன்றியிருந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பத்தும் வெளியே கிடக்கின்றன. நீ ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். விளக்குமாற்று ஈர்க்குச்சியால் கையில் ஒன்று போட்டேன். "மூச்சு விடுதான்னு பார்த்தேன்மா" என்றாய். அதற்குப் பிறகு நான் விதை போடும் பக்கம் நீ வரவே இல்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. விதை போச்சே என்றுதான் இருந்தது.

உன் பிள்ளைகளும் தோண்டுவார்கள். தோண்டட்டும். அதற்கு முன்னால் இதைச் செய். ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் ஈரத் துணியைச் சுற்றி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு அவரை விதையைச் செருகு. உள்ளே என்ன நடக்கிறதென்று தோண்டாமலே தெரியும். வேர் வந்ததும் தம்ளரை அப்படியே படுக்க வை. ஒன்றிரண்டு நாளில் வேர் வளைந்து கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். கீழே எது என்று அதற்கு யார் சொன்னார்கள் என்று பெரியவன் கேட்பான். நீ அறிவியல் படித்தவள், பதில் சொல்லிக்கொள்.

பிறகு ஒரு குடிசை போடு. நாலு மூங்கில் கழியை ஐந்தடிக்கு ஐந்தடி ஊன்றி, மேலே குறுக்கும் நெடுக்கும் சணல் கயிறு கட்டினால் போதும். உயரம் நாலரை அடிக்கு மேல் வேண்டாம். நீங்கள் இருவரும் குனிந்துதான் நுழைய வேண்டும், பிள்ளைகள் நிமிர்ந்து போக வேண்டும். அப்போதுதான் அது அவர்கள் வீடு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கழியை முழங்கால் ஆழத்துக்கு ஊன்றச் சொல். பக்கத்துக்குப் பக்கம் அவரை ஏறட்டும், கூரைக்குப் புடலை. ஆடியில் போட்டால் புரட்டாசி வாக்கில் கூரையிலிருந்து பாம்பு பாம்பாகத் தொங்கும். பிஞ்சு நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராக நீளும், கட்டாமல் விட்டால் சுருண்டுகொள்ளும். பாதிக்குக் கட்டு, பாதியை விடு. எந்தப் பாம்புக்குக் கல், எதற்கு இல்லை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். புடலம்பூவைச் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் காட்டு. வெள்ளை நூல் பிரிந்த மாதிரி அதன் ஓரம் விரியும். காலையில் வாடிவிடும். நான் அறுபது வயதுவரை அதை நின்று பார்த்ததில்லை, காயைத்தான் பார்த்திருக்கிறேன். அவரைக்கு உங்கள் பக்கத்துக் குளிர் ரொம்பப் பிடிக்கும், மார்கழி தையில் காய்த்துக் கொட்டும்.

சின்னவளுக்கு மூன்று மாதமெல்லாம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. அவளுக்கு வெந்தயம். மண்ணை நன்றாகக் கொத்தி, அவள் விரலைப் பிடித்து அவள் பெயரின் முதல் எழுத்தைக் கோடாக இழுத்து, அந்தக் கோட்டில் வெந்தயத்தைத் தூவி மண் போடு. நாலைந்து நாளில் எழுத்து பச்சையாக எழுந்து நிற்கும். மூன்று வாரத்தில் அதைப் பறித்துச் சப்பாத்தி மாவில் போடலாம். தன் பெயரைத் தானே தின்னும் பிள்ளையிடம் கீரை சாப்பிடு என்று கெஞ்ச வேண்டியிருக்காது.

சன்ஷேடுக்குக் கீழே மழை படாத மூலை ஒன்று இருக்குமே, அங்கே எதையும் நடாதே. பொடி மண்ணாகவே விடு. குழியானைப் பூச்சி வரும், வராவிட்டால் என்னைக் கேள். புனல் மாதிரிக் குழி தோண்டி அடியில் ஒளிந்திருக்கும். எறும்பு சரிந்து விழுந்தால் கீழிருந்து மண்ணை வாரி இறைக்கும். நாங்கள் சின்ன வயதில் ஈர்க்கு நுனியால் குழிச் சுவரைச் சுரண்டி ஏமாற்றுவோம். வெளியே எடுத்துவிட்டால் பின்பக்கமாகவே நடக்கும். யானை என்ற பெயரும் மிளகளவு உடம்புமாக அதைப் பார்த்துப் பெரியவன் சிரிக்காவிட்டால் அவன் உன் பிள்ளை இல்லை.

ஒரு எலுமிச்சைக் கன்று வை. காய்க்காகச் சொல்லவில்லை, புழுவுக்காக. பட்டாம்பூச்சி தளிரில் முட்டையிட்டுவிட்டுப் போகும். வரும் புழு முதலில் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், கண் ஏமாந்துவிடும். பிறகு பச்சைக்கு மாறும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் அடிக்கும். இலையெல்லாம் போச்சே என்று நீ மருந்தைத் தூக்கிக்கொண்டு வராதே. கறிவேப்பிலைக்கும் இதே புழு வரும். அதை வேண்டுமானால் பொறுக்கி எடுத்து எலுமிச்சையில் விடு, அப்பா அப்படித்தான் செய்கிறார்.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரளி அழகுதான், வேண்டாம். குன்றிமணியை யார் கொடுத்தாலும் வாங்காதே. அந்திமந்தாரை வைக்கலாம், சாயங்காலம் அது விரியும் நேரத்தில் விளையாட்டை முடித்துக்கொள்ள வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதை மிளகு மாதிரியே இருக்கும், விஷம். சின்னவள் எல்லாவற்றையும் வாயில் போடும் வயது தாண்டட்டும். குருவிக்கு வைக்கும் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்று. அதை மட்டும் பிள்ளைகளிடம் விடாதே, மறந்தால் கொசுதான்.

படத்தில் இருக்கும் பாதையை விட்டுவிடு. பிள்ளைகள் ஓடி ஓடி ஒரு தடம் விழும், அதுதான் பாதை. சேறாகும். பின்வாசலில் ஒரு வாளியும் சாக்கும் போட்டு வை.

பூவரசுக்கு அரை சென்ட்டில் இடம் போதாது. பொங்கலுக்கு வரும்போது இங்கே வாய்க்கால் கரையில் இலை பறித்துச் சுருட்டி பீப்பீ செய்து தருகிறேன் என்று ஆச்சி சொன்னதாகச் சொல். அப்பா இங்கே இருந்த பழைய களைக்கொத்தி இரண்டுக்குக் காம்பைச் சின்னதாக அறுத்து, முனையை ராவி மழுக்கி வைத்திருக்கிறார். பார்சலில் அதுவும் வருகிறது. விதைகளைத் தனித்தனித் துணியில் முடிந்திருக்கிறேன். வெந்தயம் உன் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும்.

அவரை முடிச்சில் பதினாறு விதை இருக்கும். நாலு தம்ளருக்கு. எட்டு குடிசைக்கு. மிச்சம் நாலையும் தோண்டித் தோண்டிப் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடு.

அன்புடன்,
அம்மா