பில்லில் வாட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி போனஸ் வந்ததும், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "பையன் கேம் ஆடணும், கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுங்க" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது பவர் சப்ளையைத்தான். பலவற்றில் கார்டுக்கென்று தனி மின் ஒயரே இருக்காது.

குழப்பம் பெயரில் இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு என்றே 8 ஜிபியும் விற்கிறார்கள், 6 ஜிபியும் விற்கிறார்கள். நினைவகம் மட்டும்தான் குறைவு என்று வாங்குபவர் நினைக்கிறார். 6 ஜிபியில் கோர்களே (கணக்குப் போடும் உள் அலகுகள்) 2560க்குப் பதில் 2304தான். ஆனால் அது 70 வாட்டில் ஓடிவிடும், பெரும்பாலும் தனி ஒயரும் கேட்காது. 8 ஜிபிக்கு 130 வாட் வரை வேண்டும். ஆகவே, ஆபீஸ் பெட்டிக்குச் சின்னதே சரி. பவர் சப்ளை நன்றாக இருந்தால் நான் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு பக்கம்தான் சாய்வேன்.

அப்புறம், செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், அது கிரிப்டோ மைனிங்கில் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயம் எடுக்க இரவு பகலாக) ஓடிய கார்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாடல், ஜிபி, வாட், சீரியல் எண் நான்கையும் பில்லில் எழுதுங்கள். "விஜிஏ கார்டு - 1" என்று கிறுக்கிய சீட்டை வைத்துக்கொண்டு வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது?

இப்படிக்கு,
ஒரு சர்வீஸ்காரர், ஈரோடு